கன்னியப்பன் கொடுத்த நீலம்

அரசாங்க வேலையில் இருந்தவர்களை ஐம்பத்தெட்டு வயதில் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்புவார்கள். என்னை அனுப்பியது என் வலதுகைக் கட்டைவிரல். கத்தரிக்கோலைப் பிடித்தால் மடங்கியபடியே நின்றுவிடுகிறது. நிமிர்த்துவதற்கு இடதுகை உதவிக்கு வரவேண்டும். "இத்தனை வருஷமா என்ன வேலை பாத்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். "காகிதம் ஒட்டினேன்" என்றேன். "ஓ, ஹாபியா?" என்றார். என் பணி நிறைவு விழா அந்த ஒரு வார்த்தையில் இனிதே முடிந்தது.

போன மாதம் வேலப்பன்சாவடி பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து மூன்று பெண்கள் வந்தார்கள். என்னைச் "சுயாதீனக் கலைஞர்" என்றார்கள். எண்பதுகளில் அம்பத்தூரில் அதற்கு வேறு பெயர் இருந்தது: வேலையில்லாதவள். "உங்களை ரொம்பப் பாதிச்ச கலைஞர் யாரு மேடம்?" என்று கேட்டுவிட்டு பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டார்கள். வாயில் நுழையாத வெளிநாட்டுப் பெயர் ஒன்றை எதிர்பார்த்திருக்க வேண்டும். "கன்னியப்பன்" என்றேன். ஒரு பெண் எழுதிக்கொண்டு, "அவர் எந்தக் காலேஜ்ல படிச்சார்?" என்றாள். அவளுக்குச் சொன்ன பதில் நீண்டுபோனதால் இதை எழுதவேண்டி வந்தது.

நான் தொழில் கற்ற கதை சின்னது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேபிள் அச்சிடும் அச்சகம் ஒன்றில், ஊறுகாய் பாட்டிலுக்கும் ஊதுபத்தி அட்டைக்கும் எழுத்தையும் படத்தையும் வெட்டி ஒட்டி மாதிரித் தாள் செய்யும் வேலை. மூன்று வருடத்தில் பிளேடு பிடிக்கவும், கோணல் இல்லாமல் ஒட்டவும், சூப்பர்வைசர் சொன்ன மொக்கை ஜோக்குக்கு நேரத்தில் சிரிக்கவும் கற்றுக்கொண்டேன். மூன்றாவது எனக்குச் சரியாக வரவில்லை. வெளியே வந்தேன். அன்றிலிருந்து நான் சுயாதீனம்.

என் கணவர் சேவியர் அப்போது பாடியில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். வேலை முடிந்து வந்து கதவைத் திறந்ததும், தரை முழுக்கக் காகிதத் துண்டுகளைப் பார்ப்பார். "இன்னாமே, ஊருல கீற குப்பையெல்லாம் நம்ம ஊட்டுக்குத்தான் வந்துகினு கீதா?" என்பார். கேட்டுவிட்டு, எதையும் மிதிக்காமல் கால் வைத்து அடுப்பங்கரைக்குப் போவார். அதுதான் என் கலைக்குக் கிடைத்த முதல் அங்கீகாரம். பல வருடங்களுக்கு அதுவே கடைசியும்.

பள்ளிக்கூடங்களுக்குச் சார்ட், கல்யாணப் பத்திரிகை மாதிரி, கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பின்னால் வைக்கும் பெத்லகேம் மலை என்று எது வந்தாலும் செய்தேன். எனக்காகச் செய்தவற்றை ஒரு தடவை பெரிய பையில் போட்டு, பஸ் மாறி, நகரத்தில் ஒரு படக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். தாடி வைத்த ஒருவர் என் படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். முதுகுப் பக்கத்தைத்தான் அதிக நேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, எனக்கு வலிக்காதபடி சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: "உங்களுக்கு ஒட்டத் தெரியுதும்மா. நிறம்தான் தெரியலை." திரும்பி வரும் பஸ்ஸில் ஆவடி வரைக்கும் அவருடைய தாடியை மனதுக்குள் வெட்டி வெட்டி ஒட்டினேன். எங்கு ஒட்டினாலும் பொருந்தவில்லை.

கன்னியப்பனைச் சந்தித்தது ஒரு திருட்டில். திருடியது நான்.

என் வேலைக்குப் பத்திரிகைத் தாள் போதாது. பசை பட்டால் அதன் நிறம் ஒரு வருடத்தில் மஞ்சளாகிவிடும். சினிமா போஸ்டர் அப்படியில்லை. தாள் மெல்லிசு, பசையைக் குடிக்கும், மை கெட்டியாக நிற்கும். அதனால் அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சுவரில் ஈரத்துணியை வைத்து ஒரு போஸ்டரை ஓரத்திலிருந்து மெல்ல உரித்துக்கொண்டிருந்தேன். பின்னால் சைக்கிள் நின்றது.

"இன்னாமா இது? காலீல ஒட்னது. மத்தியானமே உரிச்சிகினு கீறியே. தியேட்டர் மேனேஜரு வந்து பாத்தா என் தோல உரிப்பாரு."

நாற்பது வயது இருக்கும். சைக்கிள் கேரியரில் போஸ்டர் சுருள், ஹேண்டில்பாரில் பசை வாளி. நான் பையிலிருந்த ஒரு சின்னப் படத்தை எடுத்துக் காட்டினேன். கிழிந்த போஸ்டர் துண்டுகளால் செய்த கோழி அது. அவர் அதைத் திருப்பி முதுகைப் பார்க்கவில்லை. விரலால் ஒரு இணைப்பைத் தடவிப் பார்த்தார்.

"கிழிக்கிறப்போ உன் பக்கமா இழுத்தா வெள்ள ஓரம் தெரியும். அந்தப் பக்கமா இழுத்தா தெரியாது. நீ அந்தப் பக்கம்தான் இழுத்துகீற." பிறகு கோழியைத் திருப்பிக் கொடுத்தார். "சொவத்துல கை வெக்காத. மிஞ்சினது இருந்தா நானே தரேன்."

தந்தார். நல்லா ஓடுகிற படத்தின் போஸ்டர் மிஞ்சாது. மூன்றே நாளில் பெட்டிக்குத் திரும்பிய படத்தின் போஸ்டர்தான் கட்டுக்கட்டாக மிஞ்சும். எத்தனையோ தயாரிப்பாளர்கள் வீட்டை விற்ற வருடங்கள், எனக்குச் செழிப்பான வருடங்கள்.

அவர் வேலை செய்வதைப் பார்ப்பதற்காகவே சில காலைகளில் போய் நின்றிருக்கிறேன். மைதா மாவைக் காய்ச்சும்போது கொஞ்சம் மயில்துத்தம் போடுவார். பூச்சி அரிக்காது, மாடு நக்காது. சுவரை முதலில் உள்ளங்கையால் தடவுவார். ஆறு தாள் சேர்ந்தால்தான் ஒரு முகம் முழுசாகும். கதாநாயகன் மூக்கு இரண்டு தாளில் பாதி பாதியாக வரும். நான் ஒரு துண்டை ஒட்டிவிட்டுப் பத்து தடவை பின்னால் போய்ப் பார்க்கிறவள். அவர் ஒரு தடவைகூடப் பின்னால் போகமாட்டார். சுவரோடு சுவராக நின்று, நடுவிலிருந்து ஓரத்துக்குப் பிரஷ்ஷை இழுப்பார். மூக்கு சேர்ந்துவிடும். கேட்டால், "மூஞ்சி எங்க போவப்போவுது" என்பார்.

இனி, நான் சொல்ல விரும்பாததைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஆவடிக்கு இந்தப் பக்கம் இருந்த எங்கள் பங்குக் கோயிலில் ஃபாதர் இருதயராஜ் புதிதாக வந்திருந்தார். அவர் யாருக்கும் கட்டளை இட்டதில்லை. நமக்காக அவரே முதலில் மறுத்துவிடுவார். "ரோசி, உனக்கு நேரம் இருக்காது. மாதா திருவிழாவுக்குப் பீடத்துக்குப் பின்னால பெரிசா ஒரு படம் வைக்கலாம்னு ஒரு ஆசை. ஆனா உனக்கு நேரம் இருக்காது." அடுத்த நிமிடம் நாம் நேரம் இருக்கிறது என்று சத்தியம் செய்துகொண்டிருப்போம். எதிரில் யாராவது கோபமாகப் பேசினால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அங்கி நுனியால் துடைக்கத் தொடங்குவார். பேசி முடிக்கும்வரை துடைப்பார். கண்ணாடி திரும்ப மூக்குக்குப் போனால் கூட்டம் முடிந்தது என்று அர்த்தம்.

கோயில் நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவையின் செயலாளர் ஞானப்பிரகாசம் சாருக்கு இதில் சம்மதமில்லை. ரிட்டையர்டு ஃபோர்மேன். சட்டைப்பையில் எப்போதும் ஸ்டீல் டேப் இருக்கும். கடவுளே நேரில் வந்தாலும் முதலில் அகலம் எடுப்பார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, மிஸ்ஸஸ் சேவியர்தான். நகரத்திலிருந்து ஒரு பெயிண்டரை வரவழைக்கலாம் என்பது அவர் கட்சி. ஃபாதர் கண்ணாடியைத் துடைத்தார். மாட்டினார். வேலை எனக்கு வந்தது.

எட்டடிக்கு ஐந்தடி பிளைவுட். ஆறு வாரம். முகத்துக்கும் கைகளுக்கும் பழுப்புக் கவர்த் தாளை அடுக்கடுக்காக ஒட்டினேன். செயலாளர் பாதியில் வந்து பார்த்து, "மாதா ஏன் இவ்ளோ கறுப்பா இருக்காங்க?" என்றார். "நம்ம ஊர் வெயில் சார்" என்றேன். உயரம் அகலம் அளந்துவிட்டுப் போனார்.

சிக்கல் நீலத்தில். மாதாவின் மேலாடைக்கு ஒரே நீலம் வேண்டும், நிறைய வேண்டும், அதிலேயே வெளிச்சமும் நிழலும் வேண்டும். கன்னியப்பனிடம் சொன்னேன். நாலு நாள் கழித்து ஒரு பெரிய சுருளோடு வந்தார். தரையில் விரித்தார். மழைப் பாட்டில் கதாநாயகி. ஆறு தாள் போஸ்டரில் பாதிக்கு மேல் அவள் சேலைதான். நனைந்து, மடிந்து, மேலே பளீரென்றும் மடிப்பில் இருண்டும் ஒரு நீலம். படத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். தயாரிப்பாளர் போதுமான அளவு அழுதிருப்பார்.

"ஏழெட்டு நீலம் பாத்தேன்" என்றார் கன்னியப்பன். "ஒண்ணு பச்ச அடிக்குது. ஒண்ணு வெயில்ல வெளுத்துரும். இதான் நிக்கும்."

நின்றது. கொடியேற்றத்தன்று திரையை விலக்கியபோது கிழவி ஒருத்தி முழந்தாளிட்டு அழுதாள். பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த நீலம் எங்க கெடச்சுது?" என்றார்கள்.

"வெளியூர்லேர்ந்து வரவழைச்சேன்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பாதுகாப்புக்காக என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், அந்த நிமிடத்தில் பாராட்டு முழுசாக என்னிடம் வந்துகொண்டிருந்தது. அதைப் பிட்டுக் கொடுக்க மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் நவநாள் செபத்துக்குக் கன்னியப்பன் வந்தார். எங்கள் மாதாவிடம் எல்லா மதத்தாரும் வருவார்கள். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கையில் மெழுகுவர்த்தியோடு வரிசையில் நின்றார். பீடத்தருகே வந்ததும் நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, பசை வாளியோடு தெருவில் கத்திக் கத்திப் பழகிய குரலில் சொன்னார்:

"அட! நம்ம மழப்பாட்டு போஸ்டரு! நான் குடுத்த நீலம்! இன்னாமா ஒட்டிகீது பாரு! ஒரு ஜாயிண்ட்டு தெரியுதா? சினிமாக்காரி பொடவைய மாதாவுக்கே கட்டி உட்டுச்சு பாரு எங்க ரோசிம்மா!"

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த விமர்சனம் அது. ஆகத் தவறான இடத்தில் கிடைத்தது.

வரிசையில் அவருக்கு மூன்று பேர் பின்னால் ஞானப்பிரகாசம் சார் நின்றிருந்தார்.

பூசை முடிந்ததும் பீடத்துக்குப் பின்னாலிருக்கும் அங்கி மாற்றும் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பேரவை ஆட்கள் ஆறேழு பேர். சேவியர் வெளியே படியில் நின்றார். செயலாளர் முகம் சிவந்திருந்தது.

"ஃபாதர், நனைஞ்ச சேலையில டான்ஸ் ஆடற பொம்பளை. அந்தச் சேலை மாதா மேல! வெளியில தெரிஞ்சா நம்ம பங்கு மானம் என்னாகும்? இப்பவே கழட்டணும்."

ஃபாதர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். செயலாளர் என் பக்கம் திரும்பினார். குரலைத் தணித்தார். அந்த மனிதர் கெட்டவர் இல்லை. எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டார்.

"மிஸ்ஸஸ் சேவியர், ஒரே வார்த்தை. அந்த ஆள் சொன்னது நெசம் இல்லன்னு சொல்லிடுங்க. நாங்க நம்பறோம். படம் அங்கேயே இருக்கட்டும்."

ஆறு வாரம். எட்டடிக்கு ஐந்தடி. அந்தக் கிழவியின் முகம். எல்லாம் ஒரு நொடியில் கண்முன் வந்தன. நான் சிரித்தேன், லேபிள் அச்சகத்தில் வராத சிரிப்பு அன்று கச்சிதமாக வந்தது.

"அவரு போஸ்டர் ஒட்டறவரு சார். எந்த நீலத்தப் பாத்தாலும் அவருக்கு சினிமா நீலம்தான். ஒட்டத்தான் தெரியும், நிறம் என்ன தெரியும் அவருக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். ஃபாதர் கண்ணாடியை மாட்டினார். தேவைக்கு ஒரு கணம் அதிகமாக என்னைப் பார்த்தார். "சரி" என்றார்.

வீட்டுக்கு நடந்துவரும்போது சேவியர் சொன்னார்: "அந்தாளு ஜன்னலாண்டதான் நின்னுகினு இருந்தாரு. எல்லாரும் சிரிச்சப்போ மெழுகுவத்திய அங்கயே கீழ வெச்சிட்டுப் பூட்டாரு."

தாடிக்காரர் சொன்ன வார்த்தைகளை பத்து வருடம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறேன், சரியான ஆள்மேல் பிரயோகிப்பதற்காக.

நாலு நாள் போனது. தினமும் மாலை கோயிலில் என் படத்துக்கு முன்னால் ஜனம் நிற்கும். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தரையைப் பார்ப்பேன். ஐந்தாம் நாள் காலையில் அம்பத்தூர் ஏரிக்கரைப் பக்கம் அவர் வீட்டைத் தேடிப் போனேன். அந்தக் காலத்தில் அவர்கள் குடும்பத்துக்கு நிலம் இருந்ததாம். அதன்மேல் இப்போது ஏதோ கம்பெனியின் சுற்றுச்சுவர். அந்தச் சுவரிலும் அவர்தான் போஸ்டர் ஒட்டுவார்.

அவர் மனைவி பவுனம்மா வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"யோவ், வெளிய வா. கலரு தெரிஞ்சவங்க வந்துகீறாங்க."

அவர் வந்தார். உட்காரச் சொல்லி ஸ்டூல் போட்டார். நான் உட்காரவில்லை. "படத்த எடுத்துடுவாங்களோன்னு பயந்துட்டேண்ணே. அதான் அப்டி சொல்லிட்டேன்" என்றேன்.

"பொய் சொன்னது பரவால்லமா. நான்கூட மேனேஜராண்ட தெனம் சொல்றேன்." கொஞ்ச நேரம் கையிலிருந்த காய்ந்த பசையை உரித்தார். "அந்தாளு குடிச்சிகீறான்னு சொல்லிருக்கலாம். திருடன்னு சொல்லிருக்கலாம். நீலம் தெரியாதவன்னு சொல்லிட்டியே."

பவுனம்மா பாத்திரத்தை நான் நிற்பதையே மறந்தவள்போலத் தேய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தேன்.

திருவிழாவின் எட்டாம் நாள் ஃபாதரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பாவசங்கீர்த்தனக் கூண்டில் இல்லை. அவர் மேஜைக்கு முன்னால், பகலில், நின்றுகொண்டு. அவர் கண்ணாடியைக் கழற்றவே இல்லை.

"எனக்குக் கொடியேற்றத்தன்னைக்கே தெரியும் ரோசி. கிட்டப்போய்ப் பாத்தா மாதாவோட முழங்கைகிட்ட பாதி வளையல் தெரியுது."

"அன்னைக்கு ஏன் ஃபாதர் சும்மா இருந்தீங்க?"

"கேள்வி உன்னைத்தானே கேட்டாங்க" என்றார். பிறகு, "இப்ப என்ன செய்யலாம்? நாளைக்கு நன்றி சொல்றப்போ பேர் வாசிப்போம். ஆனா உனக்குத் தைரியம் இருக்காது."

"இருக்கு ஃபாதர்" என்றேன். சொன்ன பிறகுதான் மறுபடியும் மாட்டிக்கொண்டேன் என்று புரிந்தது.

திருவிழாப் பூசையின் முடிவில் நன்றிப் பட்டியல் வாசிப்பார்கள். பந்தல் போட்டவர், மைக் செட் வைத்தவர், தன் பெயரைத் தடிமனாக எழுதிய ட்யூப்லைட்டைக் கொடுத்தவர். வெளிச்சம் எழுத்தைத் தாண்டி வெளியே வராது, ஆனாலும் நன்றி. இதற்கு நடுவில், குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல் ஃபாதர் வாசித்தார்: "மாதா படத்துக்கு ஏழெட்டு நீலம் பார்த்து, சரியான நீலத்தைத் தேர்ந்தெடுத்து, தன்னிடமிருந்த சினிமா போஸ்டரைக் கொடுத்து உதவியவர், போஸ்டர் ஒட்டும் திரு. கன்னியப்பன். நிறம் தெரிந்தவர். இதைச் சொல்லச் சொன்னவர் ரோசலின். அடுத்து, அன்னதானத்துக்கு அரிசி கொடுத்தவர்..."

கோயிலே திரும்பி என்னைப் பார்த்தது. ஞானப்பிரகாசம் சார் மேல்விட்டத்தைப் பார்த்தார், அகலம் எடுப்பவர்போல.

கன்னியப்பன் அன்று வரவில்லை. மறுநாள் காலை படத்தைக் கழற்றிப் பின்னாலிருந்த சாமான் அறையில் சார்த்தி வைத்தார்கள். அடுத்த ஏழு வருடத்துக்கு அந்தப் பங்கில் எனக்கு ஒரு கிறிஸ்துமஸ் நட்சத்திரம் ஒட்டும் வேலைகூட வரவில்லை. அதில் எனக்குப் பெரிய வருத்தம் இருந்ததாகப் பொய் சொல்லமாட்டேன். நட்சத்திரம் ஒட்டுவது சலிப்பான வேலை.

திருவிழா முடிந்த வாரம் ஒரு மத்தியானம், படத்தைத் தட்டிச் சுத்தம் செய்து துணி போட்டு மூடலாம் என்று அந்த அறைக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. ஃபாதர்தான் சாவி கொடுத்திருக்க வேண்டும். கன்னியப்பன் உள்ளே படத்துக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பசை வாளி. வழக்கம்போலச் சுவரோடு சுவராக, மூக்கு இடிக்கிற தூரத்தில்.

"எங்க தெருவுல அந்தோணியம்மா வந்து சொல்லிச்சு" என்றார், திரும்பாமல். "பேரு வாசிச்சாங்களாமே."

"ஆமாண்ணே."

"பவுனு நாலு தடவ சொல்லச் சொல்லி கேட்டுச்சு." கையை நீட்டி மேலாடையின் கீழ் ஓரத்தில் ஒரு இடத்தைத் தொட்டார். "இங்க வா. இத்தப் பாரு. இன்னா தெரியுது?"

குனிந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. இணைப்பு சரியாகத்தான் இருந்தது.

"மழ பாரு. எல்லாத் துண்டுலயும் மேலேர்ந்து கீழ பெய்யுது. இந்த ஒண்ணுல மட்டும் கீழேர்ந்து மேல போவுது. தலகீழா ஒட்டிகீற."

பார்த்தேன். உள்ளங்கை அகலத் துண்டு. மெல்லிய வெள்ளைக் கோடுகள் எதிர்த் திசையில் ஏறிக்கொண்டிருந்தன. ஆறு வாரம், ஆயிரம் தடவை பின்னால் போய்ப் பார்த்த எனக்குத் தெரியவில்லை.

"எப்பண்ணே பாத்தீங்க இத?"

"வந்த அன்னிக்கே பாத்துட்டேன்." ஈரத்துணியை அந்தத் துண்டின்மேல் வைத்து அழுத்தினார். "அத்தினி பேரு எதுர்ல சொன்னா உனக்கு ஒரு மாதிரி ஆவும்ல? அதான் சொல்லல. அந்த ஓரத்தப் புடி."

பிடித்தேன்.